உலாவும் உலையும்



பழவங்காடியில் குடியிருப்போர்க்குத் தனியாக ஒரு கடிகாரம் வேண்டுவதில்லை. விடிந்தும் விடியாமலும் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை தொடங்கிவிடும். தேர்வு எழுதப் போகின்றவர், கடை திறக்கின்றவர், புதிய வண்டி வாங்கியவர், வழக்காடப் போகின்றவர் எல்லாரும் ஒரு காயை உடைத்துவிட்டுத்தான் மேற்செல்கின்றனர். தூத்துக்குடியிலிருந்து படிக்க வந்து, இங்கே ஒரு மாடியறையில் இரண்டாண்டாக வாழ்ந்துவரும் எனக்கு, அவ்வோசையைக் கேட்கும்போதெல்லாம் என் பாட்டனார் நினைவு வரும். அவர் தோணிக்காரர். கொழும்புக்கும் கொச்சிக்கும் சரக்கு ஏற்றிப்போன தோணியில் பாய் கட்டியவர். துறையை விட்டுப் புறப்படுமுன் தோணியின் முகப்பில் ஒரு தேங்காய் உடைப்பார்களாம். அவர் காய் உடைத்துவிட்டுக் கடலுக்குப் போனார். நான் காய் உடைத்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறேன். இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பைக் கொச்சிக்கு அழைத்துச் சென்றனர். போல்காட்டித் தீவில் பாய்மரப் படகுகள் தங்குவதற்கென ஒரு துறை அமைத்திருக்கிறார்கள். அங்கே நாற்பதடி நீளமுள்ள படகொன்றில் வயது முதிர்ந்த வெளிநாட்டுத் தம்பதியர் இருவரைக் கண்டோம். தங்கள் படகைத் தாங்களே ஓட்டி, நாடு நாடாகக் கரையோரம் உலா வருகின்றவர்கள். நம் மேற்குக் கரையை வடக்கிருந்து தெற்காகக் கடலிலிருந்தே பார்த்து வந்திருந்தனர். நான் என்ன படிக்கிறேன் என்று அந்த அம்மையார் கேட்டார். இயற்பியல் என்றும், கடலலைகள் என் சிறப்புப் பாடம் என்றும் பெருமையோடு சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் உன் படகு எந்தத் துறையில் நிற்கிறது?” என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. கடலைப் படிப்பவன் கடலில் ஓடுபவனாகவும் இருப்பான் என்று இயல்பாக எண்ணிக் கேட்டார். எனக்கோ நா எழவில்லை. அலையின் நீளத்தைச் சொன்னால் அதன் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்வேன். ஆனால் இருபத்துமூன்று வயதாகியும், பாட்டன் தோணி ஓட்டிய குடியிற் பிறந்தும், பாய்மரக் கயிறு ஒன்றை நான் கையால் தொட்டதில்லை. நீச்சல் தெரியாமல் நீரைப் பற்றிப் பேசுகின்ற கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை அன்று உணர்ந்தேன்.

நிற்க. நாம் தமிழர், கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மை நிறுத்துவார் யாருமில்லை. சோழர் கடாரம் கொண்டதைச் சொல்வோம். யவனர் மிளகுக்கு வந்ததைச் சொல்வோம். பழவங்காடியிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியே சிறிது தூரம் நடந்தால் வலியசாலை வரும். இராசராசன் கல்வெட்டுகள் பெருமையோடு குறிக்கும் காந்தளூர்ச் சாலை அதுவே என்பர் அறிஞர் சிலர். அவன் அங்கே அழித்தது மரக்கலங்களையா, வேறொன்றையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கலங்கள் என்றே கொள்வோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் கலத்தை உடைத்ததைச் சொல்லி மகிழும் நாம், இன்று ஒரு கலத்தைக் கட்டி ஓட்ட அறிவோமா? முன்னோர் உண்ட விருந்தை எண்ணி ஏப்பம் விட்டால் நம் வயிறு நிரம்புமா?

முன்னோர் என்றால் மிகப் பழங்காலத்துக்குப் போகவும் வேண்டா. 1930ஐ ஒட்டி யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. கட்டியவர்கள் தமிழ்க் கைவினைஞர்கள். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். அவர் யார் என்பதை அறிந்தால்தான் இதன் சிறப்பு விளங்கும். 1928 முதல் 1931 வரை முப்பத்திரண்டரை அடி நீளமே உள்ள ‘ஸ்வாப்’ என்னும் சிறு படகில் உலகைச் சுற்றியவர் அவர். நாடுகளின் கரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்வதற்கென்றே ஓடியவர். உலகத்துத் துறைகளையெல்லாம் கண்ட ஒருவர், தமக்கென ஒரு கப்பலைத் தேர்ந்தது வல்வெட்டித்துறைக் கடற்கரையில்! அக்கப்பல் தமிழ் மாலுமிகளுடன் புறப்பட்டு, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ராபின்சனின் மனைவி பெயரால் ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று புதுப்பெயர் பெற்றது. பெயர் மாறினும், வளைத்த பலகையும் அறைந்த ஆணியும் நம்மவர் கைவேலை அன்றோ?

இதில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. கலத்தைக் கட்டும் கையும் ஓட்டும் துணிவும் நம்மிடம் இருந்தன. ஆனால் “கரையைக் கண்டு வரலாம், வா” என்று புறப்படும் மனம் அந்த அமெரிக்கரிடம் இருந்தது. கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுமாறு ஔவை நமக்குச் சொன்னாள். பொருளுக்காகப் போனோம், போருக்காகவும் போனோம், வயிற்றுக்காக நாள்தோறும் போகிறோம். காண்பதற்காக மட்டும் போனவர் மிகச் சிலர். கண்டு வருவது என்ன பெரிய பேறு என்று கேட்கலாம். என் பாட்டனார் சொல்வார்: “ஊரை வெளியே நின்று பார்க்கணும்டா, கடலிலிருந்து பார்த்தால்தான் இது எவ்வளவு சிறிய ஊர், எவ்வளவு நல்ல ஊர் என்பது தெரியும்.” குமரிமுனையைத் திரும்பிக் கொச்சிக்கு ஓடும் தோணியிலிருந்து பொதிகை மலைத்தொடரை அவர் கண்டிருக்கிறார். அதன் அடிவாரத்து நகரில் வாழும் நான் அதைப் பேருந்துச் சன்னலிலிருந்து மட்டுமே கண்டிருக்கிறேன்.

நம் நாட்டில் இன்று ஒருவருமே இல்லை என்று சொல்வது நன்றி மறப்பதாகும். 1985 முதல் 1987 வரை இந்தியப் படைவீரர் குழுவொன்று ‘திரிஷ்ணா’ என்ற பாய்ப்படகில் உலகைச் சுற்றியது. 2009-10இல் திலீப் தோண்டே தனியொருவராகச் சுற்றி வந்தார். கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றி 2013இல் திரும்பினார். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற படகில் புறப்பட்ட இரு பெண் கடற்படை அதிகாரிகள் 2025 மே 29ஆம் நாள் உலகைச் சுற்றித் திரும்பினர். ஒருவர் கோழிக்கோட்டுத் தில்னா. மற்றொருவர் புதுச்சேரித் தமிழ்மகள் ரூபா அழகிரிசாமி. சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இவர்கள் நம் கண்மணிகள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: இவர்களுள் பெரும்பாலோர் படைத்துறையினர். அரசு கலம் கொடுத்து, ஆணை கொடுத்து அனுப்பியது. படைவேலையில் இல்லாத ஒரு சாதாரணத் தமிழ் மாணவன், ஒரு மீனவர் மகன், ஓர் ஆசிரியர் மகள் தன் விருப்பால் பாயை விரித்து இலங்கைக் கரையையோ மாலத்தீவுக் கரையையோ சுற்றி வர வழி உண்டா?

வழி இல்லை என்று உலகச் சட்டம் சொல்லவில்லை. ஒரு நாட்டின் கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் வரை அந்நாட்டின் கடல். ஆயினும் தீங்கு செய்யாமல் கடந்து செல்லும் கலத்துக்கு அங்கும் வழிவிட வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை. துறைக்குள் நுழைந்தால் மட்டும் சுங்கம், குடிவரவு, துறைமுகம் ஆகிய அலுவலகங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது கொடி மரபு. அயல்நாட்டுத் துறைக்கு வரும் படகு முதலில் மஞ்சள் கொடி ஏற்றும். “என் படகில் நோயில்லை, உள்ளே வர இசைவு தருக” என்பது அதன் பொருள். இசைவு கிடைத்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு, விருந்து தரும் நாட்டின் கொடியை வலப்புறத்தில் ஏற்றும். தன் நாட்டுக் கொடி பின்புறத்தில் பறக்கும். வந்த வீட்டுக்கு மதிப்பும், பிறந்த வீட்டுக்கு நன்றியும் ஒரே பாய்மரப் படகில்! வேற்று மாநிலத்தில் வந்து படிக்கும் நம் போன்றோர்க்கு இதைவிட நல்ல பாடம் வேறுண்டோ?

மரபு அழகியது, நடைமுறையோ அத்துணை அழகியதன்று. கொச்சியில் நாங்கள் கண்ட அந்தத் தம்பதியர், நம் நாட்டுத் துறையொன்றில் இரண்டு நாள் படிவங்களோடு அலைந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஐம்பதினாயிரம் டன் கப்பலுக்கு எழுதிய படிவத்தில் நாற்பதடிப் படகைப் பற்றி எழுதச் சொன்னால், “கப்பலில் உள்ள எலிகள் எத்தனை?” என்ற கேள்விக்கு அவர்கள் எங்கே போவார்கள்? விருந்தினரின் சிரிப்பில் நமக்குத்தான் வெட்கம்.

இந்தக் கருத்துகளையெல்லாம் ஓர் இரவு என் அறை நண்பனிடம் ஆர்வத்தோடு கொட்டினேன். அவன் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாப் பிடிக்கும் குடியில் பிறந்தவன். நான் பேசி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: “உனக்குக் கடல் உலா. எங்களுக்குக் கடல் உலை. அடுப்பில் உலை வைப்பதற்குத்தான் நாங்கள் போகிறோம். எங்கள் மாமா 2017இல் போனவர் வரவில்லை. வேடிக்கை பார்க்கக் கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி என்னிடம் பேசாதே.”

தோழர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்தது ஒக்கிப் புயல். எச்சரிக்கை கரைக்கு வந்தபோது பல படகுகள் முன்னமே ஆழ்கடலில் இருந்தன. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறையிலும் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டே நாள்களைக் கழித்தனர். கேரளத்திலும் தமிழகத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பலருடைய உடலும் கிடைக்கவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லும் கருவி அவர்களிடம் இல்லை.

பத்து மாதம் கழித்து வேறொரு நிகழ்ச்சி. 2018 செப்டம்பர் 21ஆம் நாள், உலகைச் சுற்றும் போட்டியில் தனியே ஓடிக்கொண்டிருந்த அபிலாஷ் டோமியின் படகு தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் புரண்டது. பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பு அடிபட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல்மைல் தொலைவு. அங்கே மனிதரும் இல்லை, கரையும் இல்லை. ஆனால் அவரிடம் ஆபத்துக் குறி அனுப்பும் கருவி இருந்தது. ஆஸ்திரேலியா மீட்புப் பணியை ஒருங்கிணைத்தது. இந்தியக் கடற்படையின் விமானம் பறந்து சென்று அவர் படகைக் கண்டது. செப்டம்பர் 24ஆம் நாள் ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கலம் அவரை ஏற்றிக்கொண்டது. முதுகு தேறி, 2022இல் அதே போட்டியில் மீண்டும் இறங்கி, 2023இல் இரண்டாமவராக வந்தார் அந்த வீரர்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் ஒன்றே, காற்று ஒன்றே. ஒருவரைத் தேடி மூன்று நாடுகள் சென்றன. நூற்றுக்கணக்கானவரை எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. வேறுபாடு எங்கே? அக்கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறி அனுப்பும். செயற்கைக்கோள் அதை வாங்கித் தரைநிலையத்துக்குத் தரும். நம் நாட்டில் பெங்களூரில் அதற்கு நிலையம் உண்டு. தாழ்ந்து பறக்கும் செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசை சற்றே மாறுவதைக் கொண்டு இடத்தைக் கணிப்பார்கள். புகைவண்டி ஊதிக்கொண்டு நம்மைக் கடக்கையில் அதன் ஒலி மாறுவதை நாம் முதலாண்டில் படித்தோமே, அதே டாப்ளர் விளைவு! நாம் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்த பாடம் ஓர் உயிரின் விலை என்று யாரேனும் அன்று நமக்குச் சொன்னார்களா?

ஆகவே நண்பனுக்கு நான் சொன்ன விடை இதுதான். உலா போகிறவனைக் குறை சொல்லாதே. அவனுக்குக் கிடைத்த காவல் உன் மாமாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேள். பாய்ப்படகில் உலா போகும் நாடுகளில், கடலில் போகிறவன் வானிலை கேட்காமல் புறப்படமாட்டான், மிதவை அங்கி இல்லாமல் ஏறமாட்டான், குறிக்கருவி இல்லாமல் ஆழத்துக்குப் போகமாட்டான். படித்தவனும் வழக்கறிஞனும் மருத்துவனும் தாங்களே கடலில் போவதால், கடலில் போகிறவனைக் காப்பது அங்கே நாட்டின் பொதுக் கவலை ஆகிவிட்டது. நம் நாட்டிலோ கடல் மீனவர்க்கு மட்டும் உரியது. ஆதலால் கடற்சாவும் மீனவர்க்கு மட்டும் உரியதாகிவிட்டது. கரையில் இருப்போர்க்கு அது செய்தித்தாளின் ஒரு பத்தி. நம் பிள்ளைகளும் அலையில் ஏறத் தொடங்கினால்தான் அந்தப் பத்தி நம் நெஞ்சைச் சுடும்.

நண்பன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “கருவி முதலில், உலா பிறகு” என்றான். அந்த வரிசை சரியே என்று நானும் ஒப்புக்கொண்டேன். நம் விண்வெளி நிறுவனம் மீனவர்க்கென ஆபத்து அறிவிக்கும் கருவி ஒன்றை உருவாக்கி, 2010 முதல் அது பயனில் இருக்கிறது. பழைய கருவியில் ஒரு குறை: அழைத்தவனுக்குத் தன் குரல் கேட்டதா என்பது தெரியாது. 2024இல் வெளிவந்த புதிய வகையில் “கேட்டோம்” என்ற மறுமொழி அவனுக்குத் திரும்பி வரும். இருட்டிலே மிதப்பவனுக்கு அந்த ஒரு சொல் எத்துணைத் தெம்பு! ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்திலும் இது இருந்தே தீர வேண்டும்.

இனி, “பணக்காரர் பொழுதுபோக்கு” என்று ஒதுக்குவோர்க்கு ஒரு சொல். 1947இல், போர் முடிந்து பசியும் பஞ்சமும் நீங்காத பிரான்சு நாட்டில், பகைவரை எதிர்த்துப் போராடிய இயக்கத்தைச் சேர்ந்த வியான்னே தம்பதியர் பிரித்தானிக் கரையருகே க்ளெனான் தீவுகளில் ஒரு பாய்ப்படகுப் பள்ளி தொடங்கினர். அங்கே கற்க வந்த இளைஞர்கள் தாமே சமைத்து, தாமே கழுவி, படகைத் தாமே பழுதுபார்த்துக் கற்றனர். போரில் நொந்த இளைஞர்க்குக் கூட்டு வாழ்வைக் கடலில் கற்பித்தது அப்பள்ளி, இன்றும் நடந்துவருகிறது. உலகை நிறுத்தாமல் தனியே முதன்முதல் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் ஓட்டிய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய முப்பத்திரண்டடிப் படகு. பொன்னால் இழைத்த கலம் அன்று. வேண்டுவது கோடிப் பணம் அன்று; கூட்டு முயற்சியே.

நம் ஊரில் அந்த முயற்சிக்கு இல்லாதது என்ன? கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விழிஞ்ஞம். 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் உலகின் மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அத்துணைப் பெரிய கப்பலுக்கு இடம் கண்ட கரையில், மாணவர்க்கு இரண்டு சிறு பாய்ப்படகு நிறுத்த ஒரு மூலை கிடைக்காதா? ஆசிரியர்களும் அங்கேயே இருக்கிறார்கள். கச்சானையும் கொண்டலையும் வாடையையும் முகத்தால் அறிகின்றவர்கள். கரையில் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து, கடலடியில் உள்ள பாரைக் கண்டுபிடிக்கின்றவர்கள். நாம் கோணமானி கொண்டு செய்வதை அவர்கள் மலையையும் கோயில் கோபுரத்தையும் கொண்டு செய்கிறார்கள்.

ஆகவே நம் மாணவர் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று: பல்கலைக்கழகத்தில் ஒரு பாய்ப்படகுக் கழகம் அமைக்கக் கேட்போம், அதில் பயிற்சி தருவோராகக் கரையூர் மீனவர்களை உரிய ஊதியத்தோடு அமர்த்தக் கேட்போம். இரண்டு: அறிவியல் மாணவராகிய நாம் விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குச் சென்று, வானிலை அறிவிப்பைப் படிக்கவும் ஆபத்துக் கருவியை இயக்கவும் உதவுவோம். மூன்று: அயல்நாட்டுச் சிறு படகுகள் இங்கு வரவும், நம் சிறு படகுகள் அங்குச் செல்லவும் ஒரே இடத்தில் ஒரே படிவத்தில் இசைவு தருமாறு அரசை வேண்டுவோம்.

நண்பனும் நானும் சென்ற ஞாயிறு விழிஞ்ஞத்துக்குப் போனோம். அவனுக்குத் தெரிந்த ஒருவரின் வள்ளத்தில் கரையோரமாக ஒரு மணி நேரம் ஓடினோம். அரை மணி நேரத்திலேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. கடலலையைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்திருந்த காட்சியைக் கண்டு அவன் நெடுநாளைக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தான். தலை நிமிர்ந்தபோது கரை தெரிந்தது; தென்னைகளுக்கு அப்பால் மலை தெரிந்தது. பாட்டனார் சொன்னது சரிதான். சிறிய ஊர், நல்ல ஊர்.

அன்று விடியற்காலையில் பழவங்காடியில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தேங்காய் உடைத்தோம். அவனுடையது அவன் மாமாவுக்காக. என்னுடையது இன்னும் நான் ஓட்டாத படகுக்காக.